முன்னே போய் வந்த தம்பி

ஜெர்மனியில் ஓர் ஊர் நூலக அலமாரியில் இரண்டு இசைக்குறிப்புக் கட்டுகள் இருந்தன. தடித்தது, ஓர் இளைஞன் எழுதிய நகைச்சுவை ஓபரா, பாடி நடிக்கும் நாடகம். ஒரே ஒரு நாள்தான் மேடையேறியது. மெல்லியது, திரை விலகுமுன் வாசிப்பதற்காக, ஓபராவின் மெட்டுகளைக் கோத்து அவன் கடைசியாக எழுதிய முன்னிசை. கச்சேரிக்காரர்கள் அதை மட்டும்தான் எடுத்துப்போவார்கள்.

ஒரு நாள் கச்சேரி முடிந்து அது திரும்பி வந்ததும் ஓபரா கேட்டது: "தம்பி, நம்ம கோமாளி மெட்டு வந்தப்போ சிரிச்சாங்களா?"

"தலையாட்டி ரசிச்சாங்கண்ணே."

"நீ முடிஞ்சதும் எழுந்து போயிட்டாங்களா?"

"ஒருத்தர்கூட எழுந்திருக்கல. மேடையையே பார்த்துக்கிட்டிருந்தாங்க."

"என்னை எதிர்பார்த்துத்தானே?"

"வேற யாரைண்ணே?"

அடுத்த உருப்படிக்காக மேடையில் பியானோவை உருட்டி வந்ததை முன்னிசை சொல்லவில்லை.