சுத்தியல் அக்கா

டொக்... டொக்... டொக்.

சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. குட்டி கிட்டார் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். தட்டலும் நின்றது.

"ஆரம்பிச்சுட்டாங்க உன் பக்கத்து வீட்டுச் சுத்தியல் அக்கா" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. "நம்ம வீட்டு மிக்சி ஊரைக் கூட்டுது, டிவி அலறுது. அதுக்கெல்லாம் அந்தம்மா ஒரு தட்டுத் தட்டினதில்ல. நீ கிட்டாரைத் தொட்டா மட்டும் காது முளைச்சிடுது. எந்த அழகுல வாசிக்கிறேன்னு பார்த்துக்கோ."

"வாசிக்கத் தெரியாதவங்க பேசக் கூடாது."

"தெரியாதுன்னுதானே நான் அதைத் தொடுறதே இல்ல."

குட்டிக்கு வயது நாற்பத்தெட்டு. ஆனாலும் அண்ணனுக்கு அவள் குட்டிதான். அந்த அண்ணனுக்காகத்தான் இத்தனை பாடும். வாழ்நாள் முழுக்கக் கப்பல் எஞ்சின் அறையில் வெந்தவர், இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். வீட்டுக்கு வந்துவிடுவார் என்று அவள் மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்தாள். அவரோ போனில், துறைமுகத்துப் பக்கமே ஒரு அறை பார்த்துவிட்டதாகச் சொன்னார். "அந்த வீட்ல இனிமே எனக்கு என்ன இருக்கு குட்டி?" என்றார்.

மறுநாள் பீரோ மேலிருந்த அவருடைய பழைய கிட்டாரை இறக்கித் தூசி தட்டினாள். எங்கோ ஒரு தீவில் பிறந்த ரெகே இசைப் பாடகர், ஒற்றைக் கிட்டாரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடிய பழைய பாட்டு ஒன்று உண்டு. இதே அறையில், இதே சுவரில் சாய்ந்து அண்ணன் தினமும் மாலையில் அதை வாசிப்பார். இதே இடத்திலிருந்து அது காதில் விழுந்தால் மனசு இளகாதா?

மூன்றே மூன்று விரல் பிடிப்புதான். வேலை பார்க்கும் கூரியர் ஆபீஸில் பார்சலுக்கு டேப் ஒட்டும்போது விரல் நுனி எரிந்தாலும் அவை படிந்துவிட்டன. படியாதது தாளம். கால் தரையைத் தட்டும்போது கை சும்மா இருக்கணும், கால் எழும்பும்போதுதான் கம்பி பேசணும் என்று போனில் பாடம் எடுக்கும் வாத்தியார் தொண்டை வறளச் சொன்னார். குட்டிக்குக் காலும் கையும் சேர்ந்தே இறங்கின. வேடிக்கை என்னவென்றால், சுத்தியல் அக்கா சுவரைத் தட்டும்போது மட்டும், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் கை தானாகப் போய் விழுந்தது. ஆத்திரத்தில் விரல் திருந்தும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான், சின்னப் பெண்ணாக இருந்தபோது. பக்கத்து வீட்டில் அப்பாவும் மகளும் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுத்தார்கள். பிளாஸ்டர் மாவு அச்சை உடைக்கும் மரச் சுத்தியல் மகள் கையிலேயே இருக்கும். அண்ணன் வாசிக்க உட்கார்ந்தால் போதும், சுவரில் டொக் டொக். குட்டியின் அப்பா, அடுத்தவர் ஒரு சொல் சொல்லிவிட்டால் ரெண்டு நாள் சாப்பிடாத மனுஷர். சுவரைத் தட்டிச் சொல்லும் அளவுக்கு நம் வீடு ஆகிவிட்டதா என்று ஒருநாள் கிட்டாரைப் பிடுங்கிப் பீரோ மேல் வைத்தார். அண்ணன் சில மாதங்களில் கப்பல் ஏறினார். அவரை விரட்டியது அந்தச் சுத்தியல்தான் என்பதில் குட்டிக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை.

நாளை ஞாயிறு. அண்ணன் போன் வரும் நாள். குட்டி எழுந்தாள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அக்கா முழங்கை வரை வெள்ளை மாவோடு வந்து நின்றார். தலையிலும் வெள்ளைதான், அது மாவு இல்லை. பின்னால் மேசையில் பல் செட்டுகள் வரிசையாக இளித்தன. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, நாளைக்குக் காலையில மட்டும் தட்டாதீங்க. அண்ணன் போன் பண்ணுவார். இந்தப் பாட்டை அவருக்கு வாசிச்சுக் காட்டணும்."

"கேட்டாரா?"

"இல்ல, நானாத்தான். திரும்பி வரமாட்டேங்கிறார். இதைக் கேட்டாவது வருவாரான்னு ஒரு நப்பாசை." இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்ததும் சேர்ந்தே வெளியே வந்தது. "அன்னைக்கு நீங்க தட்டினதாலதான் அப்பா அவரை வாசிக்க விடல. நாளைக்காவது விட்டுடுங்க."

அக்கா கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். "அதனாலயா நிறுத்தினார்?" என்றார் மெதுவாக. அதை மேசையில் வைத்துவிட்டு, "சரி குட்டி, தட்டல" என்றார்.

எவ்வளவு நடிப்பு என்று நினைத்தபடி குட்டி வீடு திரும்பினாள்.

ஞாயிறு காலை, போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தாள். எதுவும் பேசாமல் கேட்கும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். சுவர் வாயைத் திறக்கவில்லை. பழகிப்போன அந்தத் தட்டலை மனசுக்குள் போட்டுக்கொண்டு இடையிடையே கம்பியை வருடினாள். ஒரு இடத்தில்கூடக் கை பிசகவில்லை. கணவரே பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

பாட்டு முடிந்தது.

"அண்ணா? நல்லா இல்லையா?"

"கையெல்லாம் சுத்தமா இருக்கு குட்டி." "ஆனா பாட்டு பாதிதான் கேக்குது."

"சிக்னல் சரியில்லையா இருக்கும். போனைக் கிட்ட வைக்கட்டுமா?"

"சிக்னல் இல்ல குட்டி" என்றவர் கேட்டார்: "சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து தட்டு வரலையே... அவ உயிரோட இல்லையா?"