எவியான் தண்ணீர்

லொசான் படகுத்துறையில் மழை தூறிக்கொண்டிருந்தது. பாலேந்திரன் மூன்று பொலிஸ்காரர்களோடு நின்றான். அந்தக் கோலத்தில் ஒரு தமிழன் கண்டால் போதும், அவன் பேர் அன்றோடு நாறிவிடும். 1986இல் அந்த ஊரில் இருந்த தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஒரு கதை பரவ அத்தனை பேரே தாராளம்.

அவனுக்கு ஹோட்டலில் கோப்பை கழுவும் வேலை. பிரெஞ்சு ஓரளவு வரும் என்பதால் பொலிசுக்கு அவ்வப்போது மொழிபெயர்ப்பும் செய்துவந்தான். அவன் மனைவி கலாவதி பதினொரு மாதமாகப் பரிஸில், ஒரு சிநேகிதி வீட்டு விறாந்தையில் படுத்துக்கிடந்தாள். அவளை இங்கே எடுப்பதற்குப் போட்ட விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது.

"ஆள் கடத்துகிறவனைப் பிடித்துக்கொடு. உன் மனைவிக்காக நானே கடிதம் எழுதுகிறேன்" என்று சொல்லியிருந்தார் அதிகாரி ரோஷா.

பிடிபட வேண்டியவர் தம்பித்துரையர். வயது ஐம்பத்தெட்டு, நெற்றியில் திருநீறு, கையில் ஒழுங்கான பயணப் பத்திரம். ஞாயிறு தவறாமல் மத்தியானப் படகில் ஏரியைக் கடந்து, அக்கரையில் பிரான்ஸின் எவியானில் இறங்குவார். ஒன்றரை மணி நேரம் தன்பாட்டில் சுற்றுவார். நாலு மணிப் படகில் திரும்புவார். போகும்போது பை காற்றில் ஆடும். வரும்போது தோளை இழுக்கும். பை நிறையக் கள்ளக் கடவுச்சீட்டு என்பது ரோஷாவின் கணிப்பு.

போன மாதம் ரயில் நிலையச் சோதனையில் அவருடைய பணப்பையில் ஒரு துண்டு அகப்பட்டது. கிழமைகளும் நேரங்களும் தமிழில் எழுதியிருந்தன. பொலிஸ் அதைப் பிரதி எடுத்துக்கொண்டது. பாலேந்திரன்தான் வாசித்துச் சொன்னான்.

"ஆட்கள் வந்து சேரும் நேரங்கள். ஞாயிறு என்றால் நாலரை."

எவியான் படகு லொசானுக்கு வருவது நாலு முப்பத்தைந்துக்கு. ரோஷா கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

"துண்டை அவருக்குக் காட்டிவிடாதீர்கள். உஷாராகிவிடுவார்" என்று பாலேந்திரன் ஒரு புத்தியும் சொல்லிவைத்தான். காட்டிக்கொடுப்பதென்று இறங்கினால் அரைகுறையாகச் செய்யக் கூடாதல்லவா?

படகு அணைந்தது. மழைக்கோட்டும் குடையுமாகச் சனம் இறங்கியது. நடுவில் தம்பித்துரையர், பையோடு மல்லுக்கட்டியபடி. இருவர் பாய்ந்து அவரை ஓரமாகக் கூட்டிவந்தார்கள். பையின் பாரத்தைக் கண்ட ரோஷா, வாசலில் கடவுச்சீட்டுப் பார்க்கிற அதிகாரியையும் கைகாட்டி அழைத்துக்கொண்டார்.

தம்பித்துரையர் பொலிசைப் பார்த்தார். பிறகு பாலேந்திரனைப் பார்த்தார்.

"பாலேந்திரன், நீயுமோ?"

பாலேந்திரனை வெட்கம் பிடுங்கித் தின்ன, வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். குடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தன. கறுப்பு, கறுப்பு, ஒரு சிவப்பு, மறுபடி கறுப்பு.

"என்ன சொல்கிறார்?" என்றார் ரோஷா.

"பையில் ஒன்றுமில்லையாம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்."

பை திறந்தது. ஒரு போத்தல் வந்தது. இன்னொன்று வந்தது. மொத்தம் பதினான்கு. ரோஷா ஒவ்வொன்றாகத் திறந்து மணந்தார், வெளிச்சத்தில் பிடித்தார், கடைசியில் ஒரு மிடறு குடித்தும் பார்த்தார். பூதத்தைப் பிடிக்கலாம் என்று கிணறு வெட்டினால் வெறும் தண்ணீர்தான் வந்தது.

"எனக்கு வயித்திலை புண் தம்பி. அங்கை ஊத்துத் தண்ணி சும்மா விடுறாங்கள். கிழமைக்குப் பதினாலு போத்தில் பிடிச்சாச் சரி" என்றார் தம்பித்துரையர். பாலேந்திரன் அதை ஒரு சொல் பிசகாமல் பிரெஞ்சில் சொன்னான்.

அரை மணி நேரத்தில் துறை வெறிச்சோடிப்போனது. ரோஷா மன்னிப்புக் கேட்டு, பதினான்கு போத்தலோடும் தம்பித்துரையரைப் பொலிஸ் காரிலேயே வீட்டுக்கு அனுப்பினார். காருக்குள் அவர் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்தார்.

"ஆள் பிடிபட்டிருந்தால் உன் மனைவிக்கு எழுதியிருப்பேன், பாலேந்திரன். இப்போது எதை வைத்து எழுதுவது?" ரோஷாவுக்கு உண்மையாகவே கவலை.

"பரவாயில்லை, ஐயா."

பாலேந்திரன் மழையில் நனைந்தபடி வீட்டுக்கு நடந்தான். நாளைக்கே தம்பித்துரையர் வீட்டுக்குப் போய்க் காலில் விழ வேண்டும். அவர் வைது தீர்த்தாலும் தாங்கிக்கொள்ளலாம். படியேறி, கால்துடைக்கும் விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். காலையில் அதன் கீழே வைத்துவிட்டுப் போன கதவுத் திறப்பைக் காணவில்லை. கதவைத் தட்டினான்.

கதவு திறந்தது. உள்ளே சுவரோரம் ஒரு சிவப்புக் குடை நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்கள் சொன்னமாதிரியே சனத்தோடை சனமா வந்திட்டன். வாசல்லை ஒருத்தரும் இல்லை" என்றாள் கலாவதி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஆனா ஏனப்பா, ராகுகாலத்திலை கொண்டுவந்து இறக்கினீங்கள்? வேறை நேரம் கிடைக்கேல்லையோ?"

பாலேந்திரன் சட்டைப்பையில் இருந்த அந்தத் துண்டின் பிரதியை எடுத்து நீட்டினான்.

கிழமை ஏழுக்கும் ராகுகாலம் பார்த்துத் தம்பித்துரையர் எழுதிவைத்திருந்த அந்தப் பட்டியலின்படி ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை தொட்ட காரியம் துலங்காது. பொலிசைப் பொறுத்தவரை அது அச்சொட்டாகப் பலித்திருந்தது.