அவள் என்ன சொன்னாள்

நீட்டிய அரிசிப் பையை அவள் வாங்கவில்லை.

அவன் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளஞ்செழியன்.

“தமிழாளா?”

பர்மிய லுங்கி. கன்னத்தில் வெளிர் மஞ்சளாகத் தனக்கா மரப்பட்டைப் பூச்சு. பேச்சோ, மலேசியாவில், ஈப்போவில் அவன் அம்மா பேசுகிற அதே தமிழ். அவனையறியாமல் தலை அசைந்தது.

தென்கிழக்காசிய நாடுகள் சேர்ந்து அனுப்பிய தூதுக்குழுவில் அவனும் ஒருவன். உள்நாட்டுப் போரை நிறுத்த வழி தேடிக் குழு வந்திருந்தது. இராணுவம் ஒரே ஓர் அகதி முகாமைக் காட்டச் சம்மதித்தது. தூதர் அடுத்த கூடாரத்தில் கேமராக்களுக்கு நடுவே நின்றார். இவன் பக்கத்தில் ஓர் இராணுவ கேப்டன்.

அவள் பையை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்கிறவள்போலக் கும்பிட்டாள்.

“சிரிச்சுக்கிட்டே கேளுங்கண்ணே. இந்தக் கூடாரமெல்லாம் நேத்துப் போட்டது. எங்க பள்ளிக்கூடத்து மேல குண்டு போட்டது இவங்க பிளேன்தான். என் மவ உள்ள இருந்தா. வெளிய போயிச் சொல்லுங்க.”

அவன் சிரித்தான்.

கன்னம் வலித்தது.

என்ன சொல்கிறாள் என்று கேப்டன் ஆங்கிலத்தில் கேட்டார்.

அரிசி நன்றாக இருக்கிறதாம் என்றான்.

கேப்டன் தலையாட்டினார்.

விமான நிலையக் கழிவறையில், குழாயைத் திறந்துவிட்டு, தூதரிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

தூதர் கை கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

‘கண்டனம்’ என்று அறிக்கையில் எழுதினால், இந்த இராணுவத்துக்கு ஆயுதம் கொடுக்கும் வல்லரசு பேச்சுவார்த்தையையே நிறுத்திவிடும் என்றார். எழுதாவிட்டால் இன்னொரு வல்லரசு நம்மைத் திட்டும். திட்டுவதோடு சரி. அவர்கள் விமானம் எதுவும் அனுப்பப்போவதில்லை.

பிறகு குரலைத் தணித்தார். அந்த முகாமில் உன்னோடு பேசியது அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடம் என்று நாம் எழுதினால், யார் சொன்னதென்று அவர்கள் தேட வேண்டியதே இல்லை.

அவன் குழாயை மூடினான்.

அறிக்கையை அவனே தட்டச்சு செய்தான். ‘ஆழ்ந்த கவலை.’

அவளாவது உயிரோடு இருக்கட்டும்.

விமானத்தின் படிக்கட்டடியில் கேப்டன் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வழியனுப்பினார். இவன் கையை மட்டும் விடவில்லை.

“எங்க ஊரு மோல்மீன்ல, தெரு முழுக்கத் தமிழாளுங்கதான் சார்.”

தமிழில் சொன்னார். தடங்கலில்லாத தமிழ்.

அவன் கை இன்னும் கேப்டனின் கைக்குள்ளேயே இருந்தது.

“கவலைப்படாமப் போங்க. அந்தம்மாவ நான் பாத்துக்குறேன்.”

அந்த முகத்தில் தேடினான். வெயிலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டிருக்கலாம்.

மேல்படியில் நின்று தூதர் திரும்பிப் பார்த்தார்.

“நன்றி,” என்று சொல்லிவிட்டுப் படியேறினான்.