பள்ளிக்கூடத்துத் திறப்பு

கோபாலசிங்கம் பொய் சொல்லவில்லை. 'பள்ளிக்கூடத்தில் வேலை' என்றுதான் தகப்பனுக்கு எழுதினார். என்ன வேலை என்று எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஊரில் அவர் கணக்கு வாத்தியார். பலேர்மோவில் சிஸ்டர்மார் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு வருடமாக நிலம் துடைக்கிறார். தகப்பன் அருளம்பலம் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். கடிதத்தைப் படித்தவர், மகன் இத்தாலியிலும் படிப்பிக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். மகனும் திருத்தப் போகவில்லை.

இப்போது அந்த அதிபர் மனைவியோடு மூன்று மாத விசாவில் வந்து, மகன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்.

"இஞ்சையப்பா, சொல்லிப்போட்டு நிம்மதியா இருங்கோவன்," என்றாள் கோபாலசிங்கத்தின் மனைவி ரதி.

சொல்லத்தான் இருந்தார். ஆனால் முதல் கிழமையே, பல்லரோ சந்தைக்குப் போகும் வழியில், தெரிந்தவரான யாக்கோபு ஒரு மாடிவீட்டின் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மன்னாரில் வங்கியில் இருந்தவர் என்று தெரிந்ததும் அதிபரின் முகம் சுண்டிப்போனது.

"படிச்ச மனுசன் இந்த வேலைக்கோ வாறது? தாய் தேப்பன் அறிஞ்சால் என்ன பாடுபடும்!"

கோபாலசிங்கம் சந்தைக்குள் நுழைந்து அவசரமாகக் கத்தரிக்காய் விலை கேட்டார். பிறகு பேச்சை மாற்றினார்.

"கொழும்பிலை உங்கடை பாடு எப்பிடி ஐயா?"

"எனக்கென்ன குறை? யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட நாளிலையிருந்து லொட்ஜிலை ஒரு அறை. முதலாளி என்னட்டைப் படிச்ச பெடியன். வாடகை எண்டு வாயே திறக்கிறேல்லை. நீ அனுப்புறதெல்லாம் தங்கச்சியின்ரை சீதனத்துக்கு அப்பிடியே கிடக்கு."

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அதிபர் கேட்டேவிட்டார்.

"உன்ரை பள்ளிக்கூடத்தைக் காட்டு."

மழைநாள். பள்ளிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. கோபாலசிங்கம் தன்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்தார்.

"திறப்பே உன்னட்டையோ? அவ்வளவு நம்பிக்கையோ!"

ஒரு வகுப்பறையைக் காட்டி, "இதுதான் ஐயா," என்றார். அதுவும் பொய்யில்லை. தினமும் இரண்டு தரம் துடைக்கிற அறைதான்.

அதிபர் கடைசி வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

"ம், நடத்து."

கோபாலசிங்கம் வெண்கட்டியை எடுத்தார். ஏழு வருடமாகக் கரும்பலகையை அழித்தவர், இன்றுதான் எழுதுகிறார். பின்னக் கணக்கில் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் தன்னையே மறந்துபோனார். முடித்ததும் பழக்கதோஷத்தில் கரும்பலகையை அழித்தார்.

"எழுத்து இன்னும் குண்டு குண்டாத்தான் இருக்கு," என்றார் அதிபர். அவர் கண் கலங்கியிருந்தது.

வெளியே வந்தபோதுதான் கோபாலசிங்கம் பார்த்தார். விறாந்தை முழுக்கச் சப்பாத்துச் சேறு! காலையில் பெரிய சிஸ்டர் கண்டால் திறப்பைப் பறித்துவிடுவார். திறப்புப் போனால் வேலையும் போகும்.

"வாசல்லை நில்லுங்கோ ஐயா. குடையை விட்டிட்டு வந்திட்டன்."

உள்ளே ஓடினார். மாடிப்படிக்குக் கீழே வாளியும் மொப்பும் இருந்தன. பாதி துடைத்திருப்பார்.

"தம்பி."

அதிபர் பின்னால் நின்றார். இரண்டு பேருடைய குடைகளும் அவர் கையில் இருந்தன.

கோபாலசிங்கம் மொப்பை மறைக்கவில்லை. எங்கே மறைப்பது? நாற்பது வயதில் தகப்பனிடம் அடி வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றார்.

அதிபர் குடைகளைச் சுவரில் சாத்தினார். சப்பாத்தைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். காற்சட்டையை மடித்துவிட்டார்.

"நீ வாசல்லை போய் நில்."

மொப்பை வாளியில் முக்கி ஒட்டப் பிழிந்தார். கடைசி மூலையில் தொடங்கினார். பின்பக்கமாகவே நடந்து, தன் காலடிகூடப் பதியாமல், நாலே நிமிடத்தில் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

ஊரில் குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனுசன்.

"ஐயா... இது எங்கை பழகினீங்கள்?"

அதிபர் சப்பாத்தை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"லொட்ஜிலை வாடகை இல்லை எண்டுதான் சொன்னனான். அங்கை மூண்டு மாடியும் ஆர் துடைக்கிறது எண்டு நீ கேக்கேல்லையே, தம்பி."