இன்னொரு பூச்சு

"இவன எங்கன புடிச்சே? சுவருக்கு வெள்ளையடிக்கானா, திருநீறு பூசுதானா?"

ஏட்டு சிவனணைந்தபெருமாள் இப்படிக் கேட்டது மார்கழிக் கடைசியில் ஒரு காலை. வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. நாற்பத்திரண்டு ஆகஸ்டு கலவரத்துக்கு அடுத்து வந்த பொங்கல் என்பது மட்டும் நிச்சயம். தென்காசியில் தெருவெல்லாம் சுண்ணாம்பு வாடை.

வடிவம்மாள் மாவு இடிப்பதை நிறுத்தவில்லை.

"அச்சன்புதூர் ஆளு, பேரு மாடன். பொங்க நெருக்கத்துல வேற யாரு கெடைக்கா?"

ஏணியில் நின்றவன் திரும்பவில்லை. தலையில் முண்டாசு, மழிக்காத தாடி, முகம் முழுக்கச் சுண்ணாம்பு.

அவன் மாடன் இல்லை, அவள் மகன் பேச்சிமுத்து. கடையத்துக்குப் பக்கத்தில் தந்திக் கம்பி அறுத்த வழக்கில் ஆவணியிலிருந்து போலீஸ் தேடும் ஆள். தேடுகிற கூட்டத்துக்கு முன்னால் நடப்பவர் அவன் அப்பா, இந்த ஏட்டுதான். "இந்த வாசப்படிய மிதிச்சான்னா நானே விலங்கு மாட்டுவேன்" என்று தெருவே கேட்கச் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

குற்றால மலையில் காய்ச்சலோடு கிடந்தவன், சுண்ணாம்புச் சட்டியும் வெள்ளையடிக்கும் மட்டையுமாக ஒருநாள் கொல்லை வாசலில் வந்து நின்றான். "யம்மா, வீட்டுப் பொங்கச் சோறு ஒரு வாய் தின்னுட்டுப் போயிருதேன்."

வெள்ளையடிக்கிறவன் முகத்தை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? அவளும் துணிந்துவிட்டாள். கைதான் பயமுறுத்தியது. பேச்சிமுத்து இடது கைக்காரன். சின்ன வயதில் அந்தக் கையை அடித்தும் கட்டிப்போட்டும் பார்த்துத் தோற்றவர் ஏட்டு.

"ஒங்கப்பா இருக்கையில வலது கையாலயே அடிலே" என்று சொல்லிவைத்திருந்தாள். வராத கையால் அடித்த சுவர் எப்படி இருக்கும்?

"பட்டை பட்டையாத் தெரியுது. இன்னொரு பூச்சு அடிக்கச் சொல்லு" என்றார் ஏட்டு. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

மறுநாள் சாயங்காலம் மலையிலிருந்து திரும்பியவர் நேரே ஏணிக்குக் கீழே வந்து நின்றார். மட்டை சுவரில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வடிவம்மாளுக்கு அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியவில்லை.

"ஊமையா இவன்?"

"கூச்சப்படுதான்... இன்னைக்கும் மலைக்கா போனிய?"

"செண்பகாதேவி அருவி வரைக்கும் ஏறி எறங்கியாச்சு. ஒரு ஈ காக்கா இல்ல. நாளைக்கு அதுக்கும் மேல போகணும்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள் உள்ளே வந்தாள். "மதினி, இந்த ஆள நாளைக்கு எங்க வீட்டுக்கு அனுப்புங்க. ஏலே மாடா, இங்கன திரும்பு."

மட்டை அப்படியே நின்றது.

"நல்லா கூப்பிட்டே போ!" என்று ஏட்டு குறுக்கே வந்து நின்றார். "அந்தச் சுவரப் பாரு தாயி. மாடு நக்கினாப்ல இருக்கு. ஒங்க வீட்டுக்கு வேற நல்ல ஆளாப் பாரு. எனக்கு வாச்சது இப்படி. ஏட்டி, நாளைக்கு இன்னொரு பூச்சு!" என்று வடிவம்மாள் பக்கம் திரும்பினார்.

சங்கரம்மாள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அதன் பிறகு அவர் தினமும் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தார். மூலையில் ஒட்டவில்லை, நீலம் கூடிப்போச்சு, காவிப் பட்டை கோணல். ஒவ்வொரு தடவையும் ஏணிக்குக் கீழே கொஞ்சம் அதிக நேரம் நின்றார். மனிதருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது என்று வடிவம்மாள் முடிவு செய்தாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம், மகன் படுத்துக்கொள்ளும் தொழுவத்துக்குப் போனாள். "போயிருலே. பொங்கச் சோறு அடுத்த வருசம் தின்னுக்கலாம். உசிரு இருந்தாப் போதும்."

பேச்சிமுத்து துணியை மூட்டை கட்டினான்.

அப்போதுதான் ஏட்டு வீட்டுக்குள் நுழைந்தார். இவ்வளவு சீக்கிரம் வருகிறவரே இல்லை. கையில் இரண்டு கரும்பு. வடிவம்மாள் ஓடிவந்து வழியில் நின்றாள்.

"வேல முடிஞ்சுட்டு. மாடன அனுப்பிருதேன்."

ஏட்டு கரும்பைச் சுவரோரமாகச் சாத்தினார். சுவரைப் பார்த்தார். பிறகு தொழுவத்தின் பக்கம் பார்த்தார். மலைக்காற்றில் கரும்புத் தோகை மட்டும் சரசரத்தது.

"எங்க முடிஞ்சுது? தொழுவம் பாக்கி கெடக்கே."

"தொழுவத்துக்கு யாராவது வெள்ளையடிப்பாகளா?"

"நாளன்னைக்கு மாட்டுப் பொங்கல்லா? அடிக்கட்டும்."

அவள் அசையாமல் நின்றாள். அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அதையாவது இடது கையால அடிக்கச் சொல்லு வடிவு, சுவரப் பாக்கச் சகிக்கல. நாளைக்கு எனக்குப் பக்கத்துல அவனுக்கும் எலை போடு. மூஞ்சியக் கழுவாம வந்து உக்காரச் சொல்லு... கழுவிட்டான்னா நான் ஏட்டாயிருவேன்."