முகம் கழுவிய ராஜா

கிறிஸ்மஸ் குடிலில் நின்ற ராஜா, வீடு நிறைய ஆள் பார்த்திருக்க, தன் முகத்தைத் தானே கழுவிக்கொண்டார்.

மண் பொம்மைதான். ஒரு சாண் உயரம். ஆனாலும் கழுவினார்.

அந்த வீட்டுக்காரர் இதைச் சொல்லாத ஆள் தூத்துக்குடியில் பாக்கி இல்லை. எல்லாரும் நம்பிவிட்டார்களாம். நம்பாதவள் ஒரே ஒருத்தி. அவர் மனைவி ரெஜினாள்.

"கூரை ஒழுகுச்சு. அவ்வளவுதான். சும்மா கெடங்க."

அன்றைய மழை அப்படி. துறைமுகமே எழுந்து வந்து அவர் வீட்டு வாசலில் நங்கூரம் போட்டது. அதிலும், மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற அன்பியத்துக் குடும்பங்கள் குடையும் பிள்ளைகளுமாக வந்து சேர்ந்துவிட்டன. அந்த மாதக் கூட்டம் அவர் வீட்டில்.

பாடம், கறுப்பின மக்களின் வரலாறு. பங்குச் சாமியார் கொடுத்தனுப்பிய தாளைக் குடும்பம் குடும்பமாக வாசித்தார்கள்.

கப்பலின் அடித்தட்டு. சங்கிலி. கோயிலுக்குள்ளும் அவர்களுக்குக் கடைசி பெஞ்சு.

வந்திருந்தவர்களில் அச்சியெங் என்பவளும் ஒருத்தி. கென்யாவிலிருந்து வந்து இங்கே நர்சிங் படிக்கிற, தமிழும் பழகிவிட்ட பெண்.

அவள் வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்தே ரெஜினாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடிலில் மூன்று ராஜாக்கள். ஒருவர் கறுப்பு.

"அந்தப் பிள்ளை பாத்தா மனசு நோகும்லா?"

முகப்பவுடரைத் தண்ணீரில் குழைத்தாள். கறுப்பு ராஜாவுக்குப் பூசினாள். ராஜா புது மாப்பிள்ளை ஆனார். கணவரும் பக்கத்தில் நின்று, "காதுக்குப் பின்னால விட்டுட்டியே" என்றார்.

பாடம் பாதியில் இருக்கும்போது முதல் சொட்டு கிரீடத்தில் விழுந்தது.

இரண்டாவது நெற்றியில்.

நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு கறுப்புக் கோடு.

வீட்டுக்காரர் பார்த்தார். மக்ரூன் தட்டோடு நின்ற ரெஜினாளும் பார்த்தாள்.

எழுந்து போய் எடுத்தால் எல்லாரும் திரும்புவார்கள். எடுக்காவிட்டால் ராஜாவே காட்டிக்கொடுத்துவிடுவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஒற்றைக் கையால் கப்பலையே தூக்கிக் காய வைத்ததாகச் சொல்வார்.

அந்தக் கை எழவில்லை.

"எல்லாரும் கடவுளின் சாயல்" என்று வாசித்துக்கொண்டிருந்த குரல் நடுவில் நின்றது.

வீடே திரும்பியது.

சொட்டு. சொட்டு. ராஜாவின் காலடியில் வெள்ளையாய் ஒரு குட்டை.



அச்சியெங் எழுந்தாள். ராஜாவை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள். விரலில் ஒட்டியதை முகர்ந்தாள். பிறகு நிமிர்ந்து ரெஜினாளைப் பார்த்தாள்.

ரெஜினாளின் முகத்திலும் அதே பவுடர். கல்யாணத்தன்று யாரோ பூசிவிட்டது. அன்றிலிருந்து அவளே பூசிக்கொள்கிறாள்.

கண்ணிலிருந்து தாடைவரை அங்கேயும் ஒரு கறுப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்க அம்மாவும் இதான் போடுவாங்க, ஆன்ட்டி."

ராஜாவை ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

அவர் ஒரு வாளியை எடுத்து வந்து ஒழுகும் இடத்தில் வைத்தார். 

மீதிப் பாடத்தை யாரும் வாசிக்கவில்லை.

இந்த வருடமும் குடில் கட்டுகிறார்கள். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். விடுவாரா இவர்? இம்முறை அவர் சொன்ன கதையில் மழை கடலையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது. நாலு மீன்கள்கூட உள்ளே வந்து பாடம் கேட்டன.

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏன் அக்கா, சார் சொல்லுததெல்லாம் நெசமா?"

ரெஜினாள் கறுப்பு ராஜாவை ஒட்டகத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து, குழந்தை இயேசுவின் அருகில் நிறுத்திக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பவுடர் இல்லை. பவுடர் டப்பாவில் குடிலுக்கான ஆணிகள் கிடந்தன.

அவர் வழக்கமான திட்டுக்குக் காத்திருந்தார்.

"ஆமா" என்றாள். "கழுவுனாரு. நான் பாத்தேன்."