ஒன்பது திங்கட்கிழமைகள்

“ஊர்ல எல்லா ஆபீஸ்லயும் ஒழுங்கா ஓடுது. இங்க மட்டும் வாராவாரம் புட்டுக்குது. இந்த இணைப்புக்கு உங்க மேல என்னமோ கோபம்க்கா” என்றபடி நாற்காலியை அவள் மேஜையருகே இழுத்துப் போட்டார் இணைப்புக்காரர்.

“அதுக்கு என்ன, நல்லாப் படுத்தட்டும். உக்காருங்க தம்பி” என்றாள் அவள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. பத்தொன்பது வருடத்து வயரிங் படங்களையும் சோதனைச் சான்றுகளையும் அலமாரி அலமாரியாக இறக்கி, தூசு தட்டி, ஸ்கேன் செய்து, கிளவுட் சேமிப்பில் ஏற்றியவள் அவள்தான். இப்போது அந்தச் சேமிப்பை ஆபீஸின் ஏஐ உதவியாளரோடு இணைத்துவிட்டார்கள். மெக்கானிக் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே, ‘ஏழு மாடி ஆஸ்பத்திரி லிஃப்ட் படம் வேண்டும்’ என்று தட்டினால் போதும், நொடியில் திரையில் வந்து நிற்கும்.

முன்பெல்லாம் அதற்கு அவளிடம்தான் வர வேண்டும். வருகிறவன் சும்மா வாங்கிக்கொண்டு போகமாட்டான். குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டுக்காரி பேசுவதில்லை என்று எதையாவது கொட்டிவிட்டுத்தான் போவான். இப்போது அவள் வாசலைத் தாண்டுகிற கால்கள் நிற்பதே இல்லை. இணைப்பு அறுந்த நாளில்கூட முணுமுணுத்துக்கொண்டே தாங்களே தேடிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை காவலாளியிடம் ‘வரேன்’ என்று சொன்னால், அடுத்து அவள் வாய் திறப்பது திங்கட்கிழமை காலையில்தான்.

சேமிப்பு அவள் பெயரில் இருந்ததால், இணைப்பு அறுந்தால் அவள் கணினியிலிருந்துதான் திரும்ப அனுமதி கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் வெளிக் கம்பெனியிலிருந்து இவர் வருகிறார். அறுந்தது இது ஒன்பதாவது முறை.

“நீலமா ‘அனுமதி’னு இருக்கு பாருங்க. அமுக்குங்க.”

“அமுக்கினா எல்லாத்தையும் படிச்சிடுமா?”

“ஒன்பது தடவையும் இதையேதான் கேக்குறீங்க.”

“ஒன்பது தடவையும் நீங்களும் அலுக்காம பதில் சொல்றீங்களே!”

அவள் அமுக்கினாள். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. நாற்பதாயிரம் கோப்புகளையும் அது ஒருமுறை பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அவள் பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு கோப்பைகளில் டீ ஊற்றினாள். திங்கட்கிழமைகளில் மட்டும் பெரிய பிளாஸ்க்.

“ஒருநாளாவது இதுகிட்ட பேசிப் பாத்தீங்களாக்கா? கேட்டதுக்கு மரியாதையா பதில் சொல்லும். என் மச்சானை விட எவ்வளவோ மேல்.”

“என் வேலையைப் பறிச்சுக்கிட்டதுகிட்ட எனக்கு என்ன பேச்சு?”

அவர் சிரித்தார். டீ தளும்பி மேஜையில் கொட்டியது. துடைத்தபடி அவள் கேட்டாள். “வீட்ல சமையல் யாரு தம்பி?”

“நான்தான். ஆக்குறதும் நான், திங்கிறதும் நான், உப்பு கம்மின்னு திட்டுறதும் நான்.”

“திட்டு வாங்கிக்கிறது?”

“அதுவும் நான்தான். ஆபீஸ்லயும் அதேதான்.” கோப்பையின் விளிம்பை விரலால் சுற்றினார். “போன மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேட்டாங்கக்கா, ஒரு இணைப்பை நிக்கவைக்கத் துப்பில்ல, நீயெல்லாம் என்ன டெக்னீஷியன்னு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “இந்த வாரம் நின்னுட்டா?”

“நின்னுட்டா தப்பிச்சேன். வேற ஆபீஸுக்கு மாத்திடுவாங்க. இங்க வர வேண்டிய வேலையே இருக்காது. நிக்கலைன்னா மறுபடி கச்சேரிதான்.”

வட்டம் சுற்றி முடிந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அவர் பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். வழக்கமாக வாசலில் நின்று இன்னொரு கதை சொல்வார். அன்று வாசல்வரை போனவர் திரும்பி வந்து, காலிக் கோப்பையை எடுத்துப் பிளாஸ்க்கருகே நகர்த்தி வைத்தார்.

“நிக்கும் தம்பி. இந்தத் தடவை கண்டிப்பா நிக்கும்” என்றாள் அவள்.

“நீங்க சொன்னா சரிக்கா.”

அந்த வாரம் நத்தையாக நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தாள். அவருடைய சிவந்த காதுகள் நினைவுக்கு வந்தன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துவைத்த துணிகளையே மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். பெரிய பிளாஸ்க்கைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினாள்.

திங்கட்கிழமை காலை அவள் கைப்பையை வைப்பதற்குள் வாசலில் ஒரு மெக்கானிக் தலையை நீட்டினான்.

“அக்கா, மறுபடியும் அறுந்துடுச்சு! உங்க ஆளை வரச் சொல்லுங்க.”

“அறுந்துடுச்சா? அதெப்படி அறுந்துபோகும்?”

“என்னைக் கேட்டா? எப்பவும் அறுந்துபோற மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

பாவம், அந்த மனிதர் இன்னொரு முறை எல்லார் முன்னாலும் தலை குனிய வேண்டும். இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாத அந்த உதவியாளரைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். ‘இணைப்பை அறுத்தது யார்?’

பதில் உடனே வந்தது. தேதி, நேரம், பெயர் என்று பத்து வரிகள். இணைப்பைச் சரிபார்க்க வருகிற எவரும் முதல் வாரமே பார்த்திருக்கக்கூடிய பட்டியல் அது.

முதல் ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நேரே இருந்தது அவள் பெயர். நேற்று மாலை நான்கு மணிக்கு நேரே, இணைப்புக்காரரின் பெயர்.